சத்தம் உண்டு, படம் இல்லை

1. மூடியைக் கழற்று

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் அடங்கி மூன்று மாதம் கழித்து, கண்டியில் ஹாஜியாரின் ரேடியோ, டிவி திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் நான் வேலை பழகிய கடை எரிந்து கரியாகிவிட்டது. அதன் முதலாளி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். தெல்தோட்டையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சும்மா கிடந்த என்னைக் கூப்பிட்டு ஹாஜியார் வேலை கொடுத்ததே பெரிய காரியம். அதனால் அவர் சொன்னதையெல்லாம் அப்படியே பிடித்துக்கொண்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

முதல் நாள் ஓர் அம்மா ரேடியோவைக் கொண்டுவந்தார். பாட்டு விட்டுவிட்டு வருகிறது என்றார். திறந்து பார்த்தால் பாட்டரி உட்காரும் இடத்துச் சுருள் கம்பியில் துரு. அவர் கண் முன்னாலேயே சுரண்டி, கொஞ்சம் இழுத்துவிட்டேன். ரேடியோ பாடியது. அம்மா சிரித்துக்கொண்டே போனார். ஹாஜியார் சிரிக்கவில்லை.

"என்ன மகன் இது? ஒரு நிமிசத்துல ஆள் முன்னுக்கே செஞ்சி குடுத்தா, இதுக்கு ஏன் கடை எண்டு நினைக்க மாட்டாங்களா? மூடியைக் கழட்டு. தூசி தட்டு. அரை மணித்தியாலம் வெச்சிட்டுக் குடு. அப்பதான் வேலைக்கு மதிப்பு."

இது முதல் பாடம். இரண்டாவது பாடத்தையும் அன்று மாலையே சொல்லிவிட்டார்.

"கை நெறைய வேலை கெடந்தா, ஏலாது எண்டு செல்லாத. சாமான் வரோணும் எண்டு செல்லு. ஆருக்கும் கோவம் வராது."

நம் தொழிலில் இதைச் சொல்லாதவன் யாராவது இருந்தால் என் முன்னால் வரட்டும். நேரமில்லையா, சாமான் வரவேண்டும். பழுது பிடிபடவில்லையா, சாமான் வரவேண்டும். கொழும்பிலிருந்து வரவேண்டும், சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். இதைப் படிக்கும் இளைய தொழிலாளர்கள் இப்போது சிரிப்பீர்கள் என்று தெரியும். நானும் இருபத்தைந்து வருடம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஹாஜியார் மேல் எனக்குக் குறையில்லை. அவர் சொன்னது வயிற்றுப்பாட்டுக்கு. அதைக் கொண்டுபோய் நான் எங்கே வைத்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

2. கரண்ட் கண்ணடித்த வீடு

யுத்தத்தின் கடைசி வருடங்களில் கண்டிப் பக்கத்து வசதியான வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் வரத் தொடங்கியது. பெரும்பாலும் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தவை. இதில் நடுநாயகம் ரிசீவர் என்ற கறுப்புப் பெட்டி. டிஷ் பெட்டி, டிவிடி எல்லாவற்றின் வயரும் அதற்குள் போகும். அங்கிருந்து படத்துக்கு ஒரேயொரு வயர் டிவிக்குப் போகும். சத்தம் அறையைச் சுற்றி வைத்திருக்கும் ஐந்து ஸ்பீக்கருக்கும் தரையில் இருக்கும் ஒரு பெரிய பெட்டிக்கும் பிரிந்து போகும்.

இந்த ரிசீவருக்கு ஒரு வியாதி உண்டு. கரண்ட் முழுதாகப் போனால் ஒன்றும் ஆகாது. ஒரு நொடி போய் உடனே வந்தால், அதாவது கண்ணடித்தால், படம் போய்விடும். சத்தம் இருக்கும். டிவியும் ரிசீவரும் டிஷ் பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் படம் ஓடும். கரண்ட் கண்ணடிக்கும்போது அந்தப் பழக்கம் அறுந்துபோகிறது. ரிமோட்டால் அணைத்தால் சரிவராது, அப்போது பெட்டி தூங்குகிறதே தவிர அணையவில்லை. மூன்றின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். பிறகு முதலில் டிவி, அடுத்தது ரிசீவர், கடைசியில் டிஷ் பெட்டி. இந்த வரிசையில் போட்டால் பத்துக்கு ஒன்பது தடவை படம் வந்துவிடும். வைத்தியம் இவ்வளவுதான். ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம்.

பிலிமத்தலாவையில் நவரத்தினம் ஐயா வீட்டிலும் இதுதான் பழுது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். குளங்கட்டும் அரசாங்க எஞ்சினியராக நாடெல்லாம் வேலை செய்து, ஓய்வு பெற்ற பிறகு மனைவியோடு அங்கே குடியிருந்தார். லண்டனில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது பழைய டிவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சுவரில் புதுசைப் பொருத்தி, வயரைச் சுவருக்குள் புதைத்து, எல்லாவற்றையும் செய்துவிட்டுப் போயிருந்தார். அப்பா கிரிக்கெட் பார்க்கட்டும் என்று நினைத்திருப்பார்.

ஐயாவிடமிருந்து முதல் போன் ஒரு மழை நாளில் வந்தது.

"தம்பி, சத்தம் கேக்குது, படம் தெரியேல்லை. கெதியா வாருமோ?"

போவது லேசான காரியமில்லை. என் பையில் வயர், மீற்றர், சோல்டரிங் அயன். அடையாள அட்டையில் சிவலிங்கம் என்ற பெயர். பேராதனையைத் தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் ராணுவத்தார் பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஹாஜியார் சிங்களத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தை நெஞ்சுப் பையில் வைத்திருப்பேன். ஒவ்வொரு வயரும் எதற்கு என்று விளக்கிவிட்டு, ரோட்டில் குந்தியிருந்து திரும்ப அடுக்குவேன். பஸ் போய்விடும். அரை நாள் பாழ்.

பிளக்கைக் கழற்றச் சொல்லி போனிலேயே சொல்லியிருந்தால் எனக்கே மிச்சம். ஆனால் நான் போனேன். போய், பிளக்கைக் கழற்றி, ரிசீவரின் மூடியைத் திறந்து, பிரஷ்ஷால் தூசி தட்டி, அங்குமிங்கும் மீற்றரை வைத்துப் பார்த்து, பத்து நிமிடத்தைக் கடத்தினேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன பழுது தம்பி?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா, உள்ளுக்குக் கரண்ட் நிக்கும். தூசி அடைச்சிருக்குங்க."

மூடியைப் பூட்டி, வரிசையாகப் போட்டேன். படம் வந்தது. ஐயாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, என் வேலையின் மதிப்பு கூடிவிட்டது என்று நானும் பெருமைப்பட்டேன்.

டிவிக்கு மேலே ஒரு கலியாணப் படம் மாட்டியிருந்தது. தேநீர் கொண்டுவந்த அம்மாவிடம், மகளா என்று கேட்டேன்.

"ஓம். வாசுகி. வெளியில இருக்கிறா," என்றார்.

வெளியில் என்றால் வெளிநாடு என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு இரண்டு தடவை கரண்ட் கண்ணடித்தது. இரண்டு தடவையும் அரை நாளைக் கொடுத்து, மூடியைக் கழற்றி, தூசி இல்லாத இடத்தில் தூசி தட்டினேன்.

3. கடைக்கு வந்த அம்மா

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்த அம்மா குடையும் அர்ச்சனைத் தட்டுமாகக் கடைக்கு வந்தார். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வேலை மேசைப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நேற்றும் கரண்ட் வெட்டி வந்தது. படம் இல்லை. இவர் இண்டைக்கு உங்களுக்குப் போன் பண்ணுவார். ஒரு உதவி செய்யவேணும். கொஞ்ச நாளைக்கு அதைத் திருத்தாதேங்கோ."

முப்பது வருடத்துக்குக் கிட்ட இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். திருத்தாதே என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"ஏன்ம்மா?"

"மகள் வெளியில எண்டு சொன்னனான் எல்லே. இல்லைத் தம்பி. வன்னிக்குள்ள, சண்டை நடக்கிற இடத்தில. கலியாணம் கட்டின இடம் கிளிநொச்சி. இப்ப எங்க எண்டே தெரியாது. நாலு மாசமா ஒரு கதையும் இல்லை. ஒரு பெடியனும் இருக்கிறான், மூண்டு வயசு."

சுற்றிலும் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இவர் விடிஞ்சால் பொழுதுபட்டால் ரீவிக்கு முன்னால. அங்கயிருந்து சனம் வாறதைக் காட்டேக்க எழும்பிப் போய், மூக்கு முட்டுற மாதிரி நிண்டு ஒவ்வொரு முகமாப் பாக்கிறார். செத்த ஆக்களைக் காட்டினாலும் பாக்கிறார். சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை. போன மாசம் நெஞ்சுநோ எண்டு ஆஸ்பத்திரியில மூண்டு நாள். ரீவி பாக்க விடாதேங்கோ எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நான் சொல்லி அவர் கேப்பாரோ? படம் இல்லாட்டில் தானா எழும்பிப் போவார். பிள்ளையையும் குடுத்து, இவரையும் குடுக்க என்னால ஏலாது தம்பி."

மறுக்க மனம் வரவில்லை. என் அம்மா வயது இருக்கும். சரிங்கம்மா என்று சொல்லிவிட்டேன். இருபத்தைந்து வருடமாகச் சொன்ன பொய்க்கு முதல் தடவையாக ஒரு நல்ல வேலை கிடைத்தது என்றுகூட அப்போது நினைத்தேன்.

அன்று மத்தியானமே போனேன். மூடியைக் கழற்றினேன். உதட்டைப் பிதுக்கினேன்.

"படத்துக்கு உள்ள போர்டு போயிருச்சுங்க ஐயா. சாமான் வரணும்."

"எங்கயிருந்து?"

"சிங்கப்பூர்லேர்ந்துங்க. ஒரு மாசம் ஆகலாம்."

ஐயா நம்பினார். சாமானுக்குக் காத்திருந்தே வாழ்ந்த மனிதர். "குளத்துக் கதவுக்கே ஆறு மாசம் காத்திருந்தனான். சாமான் இல்லாட்டில் நீர் என்ன செய்யிறது," என்று எனக்கே ஆறுதல் சொன்னார். பிறகு கேட்டார்.

"டிஷ் பெட்டியில இருந்து நேர ரீவிக்கு ஒரு வயர் இழுக்கேலாதோ?"

எஞ்சினியர் அல்லவா, சரியாகத்தான் கேட்டார். "டிவி வயர் செவுத்துக்குள்ள போகுதுங்க ஐயா. நேரா குடுக்க முடியாது," என்றேன். அதற்கான நீள வயரை என் பையின் அடியில் சுருட்டி வைத்திருந்தேன். வரும் வழியில்தான் செக் பொயின்டில் ஒரு சிப்பாய் அதை எடுத்து விரித்து, இது எதற்கு என்று கேட்டிருந்தான்.

"அப்ப சத்தமாவது கேக்கும்தானே?"

"கேக்கும்ங்க ஐயா."

இதை நானும் யோசிக்கவில்லை, அந்த அம்மாவும் யோசிக்கவில்லை. படம் போனால் மனிதர் எழும்பிப் போவார் என்றுதான் இருவரும் நம்பினோம். அவர் எழும்பவில்லை. இரண்டு வாரம் கழித்து, சாமான் எப்போது வரும் என்று கேட்டுக் கூப்பிட்டதால் முகத்தைக் காட்டிவிட்டு வரப் போனேன். ஐயா கதிரையை அறையின் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்திருந்தார். டிவி சுவரில் கறுப்பாக இருந்தது. செய்தி போய்க்கொண்டிருந்தது. ஐந்து ஸ்பீக்கரும் நன்றாக வேலை செய்தன. முன்னால் ஒருவர் செய்தி வாசித்தார், ஐயாவின் முதுகுக்குப் பின்னால் குழந்தைகள் அழுதன. பார்க்க ஒன்றுமில்லாவிட்டாலும் கண்ணாடியைப் போட்டிருந்தார். ஒவ்வொரு அழுகைக்கும் தலையை அந்தப் பக்கம் திருப்பினார்.

குசினி வாசலில் அம்மா நின்றார். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அன்றே அதைத் திருத்தியிருக்க வேண்டும். பிளக் என் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் போர்டு போய்விட்டது என்று சொன்ன வாயால் என்ன சொல்லுவது என்று தெரியாமல், தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

4. கம்பளையில் ஒரு மத்தியானம்

டிவி திருத்துகிறவன் டிவி பார்ப்பதில்லை. அதன் முதுகைத்தான் பார்க்கிறான். பழைய பெரிய டிவிகளில் படத்தின் உயரத்தைச் சரிசெய்யும் திருகு பின்பக்கம் இருக்கும். அதனால் எதிரே ஒரு கதிரையில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் தெரியும் படத்தைப் பார்த்துக்கொண்டு பின்னாலிருந்து திருகுவோம். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது தேவைப்படாது.

கம்பளையில் ஒரு துணிக்கடையில் அப்படி ஒரு பழைய டிவிக்கு வேலை. மத்தியானச் செய்தி போய்க்கொண்டிருந்தது. கடையில் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள். வன்னியிலிருந்து சனம் சண்டைக்குத் தப்பி, கடலேரித் தண்ணீரைக் கடந்து வருவதைக் காட்டினார்கள். கடைக்காரர்கள் சிங்களத்தில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். அந்த நாட்களில் வேலை செய்யும் இடத்தில் அந்தச் செய்தி போனால், காது கேட்காதவன் மாதிரி இருப்பது என் வழக்கம்.

கண்ணாடியில் ஒரு பெண்ணின் முகம் வந்தது. இடுப்பில் பிள்ளை. முகம் நீண்டு, நாடி இழுபட்டுத் தெரிந்தது. உயரம் கூடிவிட்டது என்று நினைத்து, திருகை இடப்பக்கம் மெல்லத் திருப்பினேன். முகம் அளவுக்கு வந்தது. சரி என்று கையை எடுத்தேன். "பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி தாங்கோ," என்று அந்தப் பெண் சொன்னது கேட்டது. அதற்குள் வேறு முகங்கள் வந்துவிட்டன.

ஒரு நிமிடம் ஆகியிருக்காது, போன் அடித்தது.

"தம்பி, நவரத்தினம் கதைக்கிறன்." மூச்சு வாங்கியது. "வாசுகி தம்பி. வாசுகின்ர குரல். இப்ப கேட்டது. பிள்ளைக்குத் தண்ணி கேட்டவள். எங்கட வாசுகிதான்."

போனுக்குள்ளே ஐயா வீட்டுச் செய்தி கேட்டது. என் எதிரே கடை டிவியிலும் அதே செய்தி. ஒரே சத்தம் இரண்டு காதிலும் விழுந்தது.

"இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறாங்கள். சனம் வந்துகொண்டே இருக்குதாம். படம் வேணும் தம்பி. இப்ப வேணும். ஏதாவது செய்ய ஏலுமோ? எந்த வயரை எங்க குத்திறது எண்டு சொல்லும், நான் செய்வன். அயலட்டையில போய்ப் பாக்கவும் ஏலாது, உமக்குத் தெரியும்தானே."

தெரியும். அக்கம்பக்கத்துச் சிங்கள வீடுகளில் அந்தச் செய்தியைக் கொண்டாடிப் பாற்சோறு சமைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய், என் மகள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாளா பார்க்கிறேன் என்று சொல்ல முடியுமா?

நான் சொல்ல வேண்டியிருந்தது இதுதான்: மூன்று பிளக்கையும் கழற்றுங்க ஐயா, பத்து நிமிடம் பொறுங்க, டிவி, ரிசீவர், டிஷ் என்ற வரிசையில் போடுங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அம்மா கேட்டது வெளிப்படும், ஐயாவுக்கு நெஞ்சு வலிக்கும் என்று பயந்தேன் என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. நான் பொய்க்காரன் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம்தான் முதலில் வந்தது. அந்த வெட்கத்தில் வாயில் வந்தது பழகிய வசனம்.

"சாமான் இன்னும் வரலீங்க ஐயா. நாளைக்கு வந்து பாக்குறேன்."

"சரி தம்பி," என்று வைத்துவிட்டார்.

போனைப் பைக்குள் போடும்போதுதான் கண்ணாடியில் பார்த்த முகம் எனக்கு உறைத்தது. டிவிக்கு முன்பக்கம் ஓடிப்போய் நின்று பார்த்தேன். அந்தச் செய்தி இன்னும் நாற்பது நிமிடம் போனது. பத்து நிமிடத்தைக் கழித்தாலும் அரை மணித்தியாலம் ஐயா பார்த்திருக்கலாம். அந்தப் பெண் திரும்ப வந்தாளா என்று எனக்குத் தெரியாது. முகம் முகமாகப் பார்த்தேன், ஆனால் நான் முதலில் பார்த்த முகம் எப்படி இருந்தது என்றே எனக்கு ஞாபகமில்லை. அது நீளமாக இருந்தது, பிறகு சரியாக வந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தேன்.

5. நேற்றும் இவ்வளவுதானோ

மறுநாள் காலையில் போனேன். ஐயா கேற்றடியில் நின்றார்.

"சாமான் வந்திட்டுதோ?"

நேராக உள்ளே போனேன். இனி மூடியைக் கழற்றி நடிக்க என்னால் முடியாது என்று பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தேன். பையைத் திறக்கவே இல்லை. மூன்று பிளக்கையும் கழற்றிவிட்டு, சுவரோரம் கைகட்டி நின்றேன். ஐயா ரிசீவரைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பத்து நிமிடம் போல நீளமான நேரத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

டிவியைப் போட்டேன். ரிசீவரைப் போட்டேன். டிஷ் பெட்டியைப் போட்டேன். படம் வந்தது. ஏதோ சவர்க்கார விளம்பரம்.

"இவ்வளவுதானோ?" என்றார் ஐயா.

"ஆமாங்க ஐயா."

"நேற்றும் இவ்வளவுதானோ?"

"ஆமாங்க ஐயா."

தேநீர்த் தட்டோடு வந்த அம்மா அதை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் வாயைத் திறப்பதைக் கண்டேன். நான் முந்திக்கொண்டேன்.

"என் பிழைதாங்க ஐயா. நான்தான் பழுதைச் சரியாப் பாக்கல. மன்னிச்சிருங்க."

ஐயா ஏசவில்லை. ஏசியிருந்தால் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன். "தேத்தண்ணியைக் குடியும் தம்பி," என்று சொல்லிவிட்டு, கதிரையை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு கலியாணப் படத்தைப் பார்த்தேன். பூவும் நகையும் பொட்டுமாக ஒரு மணப்பெண். கம்பளைக் கண்ணாடியில் நான் பார்த்தது வெயிலில் கருகிய ஒரு முகம், அதுவும் இடம் வலமாக மாறித் தெரிந்தது. இவள்தான் என்று சொல்ல முடியவில்லை. இவளில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

அந்தக் காட்சியைத் திரும்பப் போடுவார்கள் என்று ஐயா ஒவ்வொரு செய்தியாகக் காத்திருந்தார். போடவில்லை. கொஞ்ச நாளில் யுத்தம் முடிந்தது. கண்டி நகரமெல்லாம் வெடி கொளுத்தினார்கள், ஹாஜியார் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு என்னைப் பின்பக்கம் இருக்கச் சொன்னார். பிறகு ஐயா முகாம் முகாமாகப் போனார். பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தார். லண்டன் மகனும் வந்து அலைந்தார். வாசுகியும் இல்லை, புருஷனும் இல்லை, மூன்று வயதுப் பெடியனும் இல்லை. தண்ணீரைக் கடந்து வந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் போதும், மேலிடத்தில் கேட்கலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவரிடம் இருந்தது ஒரு குரல் மட்டும். குரலை யார் ஏற்றுக்கொள்வார்கள்?

ஒரு ஸ்பீக்கர் வயர் கழன்றதற்காகப் போன நாளில் என்னிடம் கேட்டார்.

"தம்பி, நீர் எத்தினையோ வீடுகளுக்குப் போறனீர். அண்டைக்கு மத்தியானம் எங்கையாவது அந்தப் படத்தைப் பாத்தனீரோ? தண்ணி கேட்ட பிள்ளையை?"

"இல்லைங்க ஐயா."

பார்த்தேன், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவர் தலையாட்டிவிட்டுத் திரும்ப டிவியைப் பார்த்தார்.

இரண்டு வருடம் கழித்து ஐயா காலமானார். செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். ரிசீவர் ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்தது. துணியை விலக்கினால், அதன் தலையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எஞ்சினியரின் நேரான கையெழுத்து. ஒன்று, மூன்று பிளக்கையும் கழற்றவும். இரண்டு, பத்து நிமிடம். மூன்று, ரீவி. நான்கு, ரிசீவர். ஐந்து, டிஷ். கீழே கோடு போட்டு, அந்தச் செய்தி வந்த நாளின் திகதியை எழுதியிருந்தார்.

அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் உங்களிட்ட அப்பிடிக் கேட்டிருக்கப்படாது தம்பி," என்றார். "நீங்களும் ஓமெண்டிருக்கப்படாது."

ஐயாவிடம் இதைக் கடைசியிலாவது சொன்னீங்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை அசைத்தார்.

6. இளையவர்களுக்கு

பழுதைத் திருத்துவது நம் வேலை. திருத்தியதில் யார் எதைப் பார்ப்பார்கள், பார்த்தால் தாங்குவார்களா என்று அளப்பது நம் வேலையில்லை. நல்ல மனதோடு அளந்தாலும் தவறிவிடும். நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். அதற்கு ஒரு வீட்டை விலையாகக் கொடுத்தேன், அதுவும் என் வீடு இல்லை.

இப்போது நான் கடைக்குப் போவதில்லை. கண்களும் சரியில்லை. ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் இன்னும் போன் எடுப்பார்கள். கரண்ட் கண்ணடித்தது, சத்தம் இருக்கிறது, படம் இல்லை என்பார்கள். உடனே சொல்லிவிடுவேன். பிளக்கைக் கழற்றுங்க, பத்து நிமிடம் பொறுங்க, இந்த வரிசையில் போடுங்க. இதற்காகவா நீ முன்பெல்லாம் அரை மணித்தியாலம் மூடியைக் கழற்றினாய் என்று சிலர் சிரிப்பார்கள். ஆமாம் என்பேன்.

அவர்கள் நன்றி சொல்லிவிட்டு வைக்கப் பார்ப்பார்கள். வைக்காதீங்க என்று சொல்வேன். பத்து நிமிடமும் போனைக் காதோடு வைத்துக்கொண்டு இருப்பேன். படம் வந்துவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகு, என்ன தெரிகிறது என்று கேட்பேன். பாட்டு என்பார்கள், கிரிக்கெட் என்பார்கள். அதைக் கேட்ட பிறகுதான் வைப்பேன்.